ஒரு பெற்றோல் தாங்கிக்கு இத்தனை பாடா?

மொரிஸ் மைனர் காரின் பெற்றோல் தாங்கி ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. இரண்டு தகட்டை அழுத்தி எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைத்த ஒரு தட்டைப் பெட்டி, அவ்வளவுதான். உள்ளே ஒரு உறிஞ்சு குழாய், அதன் நுனியில் ஒரு சின்ன வலை. மேலே மிதவை பூட்டிய அளவுமானி. அடியில் வடித்து எடுக்க ஒரு திருகு. கொள்வது ஆறரைக் கலன், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 29.5 லீற்றர். கணினி இல்லை, சென்சர் இல்லை. பெட்டி ஓட்டையானால் கழற்றிவிட்டு இன்னொன்றைப் பூட்டவேண்டும். இந்த ஒரு வேலையை யாழ்ப்பாணத்தில் ஒழுங்காகச் செய்விக்க நான் அலைந்த அலைச்சலை யாரிடமாவது கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்கு நித்திரை வராது.

காரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் அறிமுகமாகி, 16 இலட்சத்துக்கு மேல் செய்து விற்கப்பட்ட கார் அது. பிரித்தானியாவில் பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் கார் அதுதான். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்பாடு மினியைச் செய்தவரும் அவரே. எங்கள் வீட்டில் நிற்பது 948 சிசி இயந்திரம் உள்ளது, ஐயா வாங்கியது. அந்தக் காலத்தில் இங்கே வாத்திமார், டொக்டர்மார், பிரக்கிராசிமார் வீட்டு முற்றங்களில் மைனர் நிற்கும். வாடகைக்கு ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40 கார்கள். அவற்றில் எத்தனையோ இன்றைக்கும் ஓடுகின்றன.

ஓடுகின்றன என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1990க்குப் பிறகு போரோடு வந்த பொருளாதாரத் தடைக் காலத்தை இங்கே இருந்து அனுபவித்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குடாநாட்டுக்குப் பெற்றோல் வராது. ஒளித்து மறைத்து வந்தது போத்தல் கணக்கில், கை வைக்க முடியாத விலையில் விற்றது. யப்பான் வாகனங்கள் கொட்டிலுக்குள் முடங்கிக் கிடக்க, இந்தப் பழைய இங்கிலாந்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இவற்றின் இயந்திரத்தில் அமுக்கம் குறைவு, மட்டமான எண்ணெயையும் ஏற்றுக்கொள்ளும். காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். இயந்திரம் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். றோட்டு முழுக்கப் புகையும் மணமும். பிள்ளைப்பெறுக்கும், செல் விழுந்து காயப்பட்டவர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடியவை இந்தக் கார்கள்தான். அவற்றை ஓட வைத்தவர்கள் எங்கள் ஊர் மெக்கானிக்மார். உதிரிப்பாகம் இல்லை, மின்சாரம் இல்லை. கடையில் வாங்க முடியாததைத் தட்டி, அராவி, கையால் செய்தார்கள். செய்ததற்குப் பொறுப்பும் எடுத்தார்கள். இடைவழியில் கார் நின்றால் உயிர் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கைகள் இருந்த ஊரில், இன்றைக்குக் கடை நிறையச் சாமானும் பட்டறை நிறைய மெஷினும் இருக்கும்போது, ஒரு தகரப் பெட்டியை ஒழுங்காகச் செய்து தர ஆளில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

தாங்கி கெட்டதில் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு. எரிபொருள் வரிசை, பிறகு கியூஆர் அட்டை, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்ற பங்கீடு. கிடைத்ததை எல்லாரும் வேலைக்கு ஓடும் வாகனத்துக்கே விட்டோம். மைனர் அடியில் கொஞ்சம் பெற்றோலோடு கொட்டிலில் நின்றது. பாதி வெறுமையாக நிற்கும் தாங்கிக்குள் காற்று இருக்கும், காற்றில் ஈரம் இருக்கும். இரவுக் குளிருக்கு அது தகட்டில் வேர்த்து வடியும். தண்ணீர் பெற்றோலை விடப் பாரம், ஆகையால் அடியில் போய்த் தங்கும். அடித்தகட்டை உள்ளிருந்து அரிக்கத் தொடங்கினால் வெளியில் ஒன்றும் தெரியாது. மைனரில் இன்னொரு தொல்லையும் உண்டு. தாங்கியின் மேல்தகடு டிக்கிக்கு அடியில், மாற்றுச் சில்லுக்கு நேர் கீழே வருகிறது. டிக்கிக் கதவின் றபர் காய்ந்து வெடித்துவிட்டால் மாரி மழை முழுவதும் அந்த விளிம்பில்தான் தேங்கும். கடற்காற்று வீசும் ஊரில் அதற்கு மேல் என்ன வேண்டும்?

தாங்கிக்குள் துரு கிளம்பினால் கார் முதலில் பம்பின் மூலம்தான் சொல்லும். மைனரில் எஸ்யூ மின்பம்ப். சாவியைத் திருப்பினதும் டக் டக் என்று அடித்து, காபரேற்றர்க் கிண்ணம் நிறைந்ததும் அடங்கிவிடும். ஓட்டத்தில் இடைக்கிடை ஒரு டக். பழகின காதுக்கு அந்தச் சத்தம் ஒன்றே போதும். அடி தளர்ந்து இழுபட்டால் எங்கேயோ அடைப்பு. நிற்காமல் படபடத்தால் காற்றை இழுக்கிறது. துருச்செதில் குலுக்கத்தில் கிளம்பி வலையில் ஒட்டும், கார் நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் செதில் அடியில் படிந்துவிடும், கார் ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடி ஓடும். ஆனையிறவு வெளியில், நிழலுக்கு ஒரு மரம் இல்லாத இடத்தில், வயதான அம்மாவைப் பின்சீற்றில் வைத்துக்கொண்டு இப்படி நின்று பார்த்தால்தான் இதன் கொடுமை தெரியும்.

இதை விபரமாகச் சொன்னேன், கராஜ்காரர் காதில் விழவில்லை. பம்பைக் கழற்றிப் பொயின்ற் தேய்த்தார்கள். காபரேற்றரைக் கழுவினார்கள். பிளக் மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் காசு. தாங்கியைத் திறந்து பாருங்கள் என்றால், "அது பிறகு பாப்பம் ஐயா" என்ற பதில். ஏனென்றால் தாங்கியைக் கழற்றுவது அழுக்கு வேலை. நிலத்தில் படுத்துக் கிடந்து செய்ய வேண்டும். கடைசியில் டிக்கிக்குள் பெற்றோல் மணம் தாங்க முடியாமல் வந்து, அடியில் ஈரம் கசிந்து, சன்லைட் சவர்க்காரத்தைத் தேய்த்து ஓட்டையை அடைக்கும் நிலைக்கு வந்தபிறகுதான் கழற்றச் சம்மதித்தார்கள். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது, வீடு வந்து சேர மட்டும் அது உதவும். அதற்கு மேல் உதவாது.

கழற்றுவதில் தொடங்கியது அடுத்த பாடு. இந்தக் காரின் ஆணிகள் இஞ்சிக் கணக்கு. இன்றைய கராஜ்களில் இருப்பது மில்லிமீற்றர் ஸ்பனர் மட்டும். அரை இஞ்சி என்றால் 12.7 மில்லிமீற்றர், அதற்குப் 13ஐப் போட்டால் ஏறும், ஆனால் ஆடும். புது ஆணி என்றால் அந்த ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். அறுபது வருடத்துத் துரு ஏறிய ஆணி பொறுக்காது, மூலை உருண்டுவிடும். துரு இளக்கும் எண்ணெயை இரவே விட்டு ஊறவைத்து, காலையில் சரியான ஸ்பனரால் கொஞ்சம் முன்னுக்கு, கொஞ்சம் பின்னுக்கு என்று அசைத்து எடுக்கவேண்டும். இதற்குப் பொறுமை ஒன்றுதான் வேண்டும். எங்கள் காருக்கு அடியில் படுத்த பொடியன் இரண்டு ஆணியை உருட்டிப்போட்டு எழும்பி வந்து கேட்டான்: "ஐயா, கிரைண்டரைப் போட்டா ரண்டு நிமிசம். வெட்டி எடுக்கட்டா?"

பெற்றோல் கசிந்துகொண்டிருக்கும் தாங்கியின் விளிம்பில் கிரைண்டர்! பொறி பறக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நல்ல பிள்ளை, உழைக்கும் பிள்ளை. அவனை நான் குறை சொல்லமாட்டேன். அவனுக்கு மேலே நின்ற முதலாளியைத்தான் சொல்கிறேன். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே தலையாட்டினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. வெறும் தாங்கி பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நிரம்பிய தாங்கியை விட வெறும் தாங்கிதான் ஆபத்து. எரிவது பெற்றோலின் ஆவி. காற்றில் அந்த ஆவி நூற்றுக்கு ஒன்றரை அளவில் இருந்து ஏழரை அளவு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். வடித்து முடித்த தாங்கிக்குள் சரியாக அந்தக் கலவை நிற்கலாம். ஆவி காற்றை விடப் பாரம். மூடியைத் திறந்து வைத்தால் போய்விடும் என்பது பொய். மடிப்புக்குள்ளும் துருவுக்குள்ளும் ஊறிக் கிடக்கும் பெற்றோல், சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும். அந்தக் காலத்துத் தகரவேலைக்காரர் இதை அறிந்திருந்தார்கள். தாங்கியைச் சவர்க்காரமும் கொதிநீரும் விட்டுக் கழுவி, நீராவி ஏற்றி, ஒட்ட வேண்டிய இடம் மட்டும் வெளியே தெரிய மற்ற இடம் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, நெருப்பைத் தூரத்தில் வைத்துச் சூட்டுக்கோலைக் காய்ச்சி எடுத்து வந்து ஈயம் பற்றவைப்பார்கள். இன்று நான் ஏறி இறங்கிய பட்டறைகளில் ஒன்றில் தாங்கியை முகர்ந்து பார்த்து, "மணம் இல்லை, அடிக்கலாம்" என்று வெல்டிங் ஹோல்டரைக் கையில் எடுத்தார்கள். நான் தாங்கியைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே சின்னப் பொடியன்கள் செருப்போடு நின்று வேலை செய்கிறார்கள். ஆரின் பிள்ளைகளோ.

ஒட்ட வேண்டாம், உள்ளே பூசலாம் என்றார் வேறொருவர். இரண்டு கலவையைக் கலந்து தாங்கிக்குள் ஊற்றி உருட்டிவிட்டால் உள்ளே ஒரு தோல் படியும் என்றார். அந்த முறையில் பிழையில்லை, ஆனால் முதலில் உள்ளே இருக்கும் துருவை முழுதாக எடுக்கவேண்டும். சங்கிலித் துண்டோ சல்லிக் கல்லோ போட்டுக் குலுக்கி, அமிலம் விட்டுக் கழுவி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்தவேண்டும். இதில் பாதி வேலையைக் கூடச் செய்யாமல் துருவுக்கு மேலேயே ஊற்றினார்கள். சில மாதத்தில் அந்தத் தோல் துண்டு துண்டாகக் கழன்று வலையில் போய் அடைத்தது. முன்பு துரு அடைத்தது, இப்போது பசை அடைக்கிறது. கேட்கப் போனால், "பழைய கார்தானே ஐயா, இவ்வளவு காலம் ஓடினதே பெரிய விசயம்."

இந்தப் "பழைய கார்தானே" எத்தனை பேர் வாயில் வந்துவிட்டது! அரைகுறை வேலைக்கெல்லாம் இது ஒரு மன்னிப்புச் சீட்டு. பழைய காரில் போகும் மனிதனும் புதுக் காரில் போகும் மனிதனும் எரிந்தால் ஒரே மாதிரித்தானே எரிவார்கள்?

சரி, புதிதாகவே வாங்குவோம் என்று கொழும்புக்குப் போனேன். பஞ்சிகாவத்தையில் கிடைக்காத வாகனப் பாகம் இந்தத் தீவில் வேறெங்கும் கிடைக்காது என்பார்கள். கடை கடையாக விசாரித்து, ஒரு கடையில் மைனர்த் தாங்கி புதிதாகச் செய்தது இருக்கிறது என்று எடுத்துத் தந்தார்கள். கறுப்புப் பெயின்ற் அடித்து, பார்வைக்குக் குறையில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் பழையதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தகடு கூரைக்குப் போடும் நாகம் பூசிய தகடு, விரலால் அமத்தினால் உள்வாங்குகிறது. அந்தத் தகட்டில் ஈரம் பட்டால் வெள்ளைப் பொடி கிளம்பி அதுவும் காபரேற்றருக்குத்தான் போய்ச் சேரும். தட்டிக் கேட்டால் வெறும் டிரம் சத்தம். உள்ளே தடுப்புத் தகடே வைக்கவில்லை. வளைவில் திருப்பினால் பெற்றோல் முழுவதும் ஒரு பக்கம் ஓடிப்போய் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். அளவுமானி பூட்டும் துளைகளில் இரண்டு ஒத்து வந்தன, மற்றவை விலகி நின்றன. விளிம்புத் துளைகளோ ஒரு பக்கம் பொருந்த வைத்தால் மறுபக்கம் கால் இஞ்சி வெளியே. செய்தவரிடம் மாதிரிக்கு ஒரு பழைய தாங்கி இருந்திருக்கும். அதைப் பக்கத்தில் வைத்து, துளைகளை ஒரு கடதாசியில் கீறி எடுத்து வெட்ட எவ்வளவு நேரம்? கடைக்காரர் சொன்ன வழி, "துளையைக் கொஞ்சம் அராவி இழுத்துப் பூட்டுங்கோ." பெற்றோல் தாங்கியில், அளவுமானித் துளையை, இழுத்துப் பூட்டுவதாம்! அந்த வாயில்தான் காஸ்கெற் இறுகி இருந்து ஆவியைத் தடுக்கவேண்டும்.

இதற்கிடையில் வந்த ஆலோசனைகளில் எனக்குப் பயம் தந்தது ஒன்று. தாங்கியே வேண்டாம், டிக்கிக்குள் ஒரு பிளாஸ்ரிக் கானை வைத்துக் குழாயை இறக்கிவிடுங்கள் என்றார்கள். சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை. அப்படி ஓடும் கார்கள் இங்கே உண்டு, கல்யாண வீட்டுக்குப் பூக்கட்டிப் போகும் கார்களிலும் உண்டு. கான் வெயிலுக்கு ஊதும், மூடி இளகும், ஆவி டிக்கியில் நிறையும். பின்சீற்றுக்கும் டிக்கிக்கும் இடையில் இருப்பது ஒரு மட்டை. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து இடித்தால் போதும். தடைக் காலத்தில் போத்தலும் கானும் வைத்து ஓடினோம்தான்; அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு அதை ஒரு கெட்டித்தனம் போலச் சொல்லித் தருவதைக் கேட்க மனம் கொதிக்கிறது.

"அண்ணை, இதை வித்துப்போட்டு ஒரு நல்ல வாகனமா எடுங்கோவன்" என்பவர்களுக்கும் சொல்லவேண்டும். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 வரை கதவு திறக்கவில்லை. இடையில் ரூபாயின் பெறுமதி விழுந்தது. வரியையும் சேர்த்து இன்று ஒரு சின்னக் கார் வாங்க ஒரு ஓய்வூதியக்காரர் காணியை விற்கவேண்டும். ஓடுகிற காரை ஓட வைத்துக்கொள்வதைத் தவிர எங்களைப் போன்றவர்களுக்கு வேறு என்ன வழி? இதைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்கவில்லை.

கடைசியில் லண்டனில் இருக்கும் மருமகன் அங்கே ஒரு தாங்கியை வாங்கி அனுப்பினான். கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்த்துக் கொழும்புத் தாங்கியைப் போலப் பல மடங்கு. பெட்டியைப் பிரித்து, கார் அடியில் பிடித்துப் பார்த்தால் ஒரு துளை விலகவில்லை. அளவுமானி போய் உட்கார்ந்தது. ஆணி ஒவ்வொன்றும் கையாலேயே ஏறியது. சாவியைத் திருப்பினேன், பம்ப் டக் டக் என்று அடித்து அடங்கியது. எனக்குச் சந்தோசம் வந்த அதே நேரத்தில் அழுகையும் வந்தது. அறுபது வருடத்துக் காருக்கு, அதைச் செய்த கம்பெனியே இல்லாமல் போனபிறகு, எங்கேயோ ஒருவன் அளந்து செய்திருக்கிறான்.

இதை இலங்கையில் செய்ய முடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் 1990களில் இந்த நாட்டில்தான் மைனருக்கு உடற்தகடுகள் செய்வித்து அங்கே கொண்டுபோனார். இலங்கையர் கையால் அடித்த தகடு இங்கிலாந்துக் காருக்குப் பொருந்தியது. கிளிநொச்சியில் ஜேர்மன் உதவியோடு தொடங்கிய தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார்கள். அங்கே படித்து வெளியேறும் பிள்ளைகளுக்குக் கை உண்டு, மூளை உண்டு. அவர்களைக் கூப்பிட்டு, தாங்கியை ஆவி போகக் கழுவுவது எப்படி, ஈயம் பற்றவைப்பது எப்படி என்று காட்டிக்கொடுக்கக் கூடிய பழைய தகரவேலைக்காரர் இன்னும் ஒரு சிலர் யாழ்ப்பாணத்தில் உயிரோடு இருக்கிறார்கள். எழுபது தாண்டியவர்கள். கேட்டு வைக்கவேண்டிய காலம் இதுதான்.

தாங்கி செய்து விற்கிறவர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான்: துளையை அளந்து வெட்டுங்கள். உள்ளே தடுப்புத் தகடு வையுங்கள். கூரைத் தகட்டைப் பாவிக்காதீர்கள். விற்க முன் மெல்லக் காற்றடைத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். அதற்காகக் கூடக் காசு கேளுங்கள், தருகிறோம்.